காராமணி வேர் அழுகல்: டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் இரண்டும் ஊற்றியும் செடி சாவது ஏன்?

மாடி_அவரை (வியாசர்பாடி)
மே 6, காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 34 பைகளில் தோட்டம் வைத்திருக்கிறேன். கீரை, கத்தரி, வெண்டை எல்லாம் நன்றாகவே வருகின்றன. பயறு வகை மட்டும் இரண்டு வருடமாகக் கையை விட்டுப் போகிறது.

காராமணி நன்றாக முளைக்கிறது. கொடி ஏறுகிறது. பூ எடுக்கும் நேரம் பார்த்து, நேற்று வரை பச்சையாக நின்ற செடி காலையில் தலை தொங்கி நிற்கும். தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். மூன்றாம் நாள் காய்ந்து சருகாகிவிடும். பிடித்து இழுத்தால் பிடிமானமே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறது. அவரைக்கும் இதே கதி.

உரக்கடையில் கேட்டபோது வேர் நோயைத் தடுக்கும் நல்ல பூசணம் என்று டிரைக்கோடெர்மா விரிடி ஒரு பாக்கெட், நல்ல பாக்டீரியா என்று சூடோமோனாஸ் ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே வாளியில் கரைத்து, வாடிய செடிகளுக்கும் பக்கத்துச் செடிகளுக்கும் ஊற்றினேன். 12 பைகளில் 9 பை போய்விட்டது. மருந்து அடிக்காமல் வளர்க்க வேண்டும் என்றுதான் மாடியில் இவ்வளவு பாடுபடுகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

---

பொன்னேரி_நஞ்சை
மே 6, காலை 8.15

அக்கா, உங்கள் பையில் நடப்பதுதான் எங்கள் வயலிலும் நடக்கிறது. சம்பா அறுவடைக்கு முன்னால் உளுந்து தெளிக்கிறோம். மாசி வரை பச்சைப் பாய் விரித்தது போல் இருக்கும். பங்குனி வெயில் ஏறியதும் இங்கொரு திட்டு, அங்கொரு திட்டாகக் காயும். பதில் வரட்டும், நானும் காத்திருக்கிறேன்.

---

கொளத்தூர்_ஓய்வு
மே 6, முற்பகல் 11.02

அம்மா, நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து சொல்லும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். செத்த செடி இன்னும் ஒன்றாவது கையில் இருந்தால் பாருங்கள்.

மண்ணை ஒட்டிய தண்டில் பட்டை உரிந்து நார் நாராக வருகிறதா? அந்த இடத்தில் வெள்ளை நூல் போலப் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருக்கின்றனவா? தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறதா?

வாடல் என்பது காய்ச்சல் மாதிரி. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது.

---

மாடி_அவரை (வியாசர்பாடி)
மே 6, மாலை 5.30

ஐயா, நான்கு செடிகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தேன். மூன்றில் பட்டை உரிந்து வருகிறது. உரித்த இடத்தில் கரித்தூள் தூவியது போல் பொடிப்பொடியாகக் கறுப்பு. பக்க வேர்களே இல்லை, ஆணிவேர் மட்டும் ஈர்க்குச்சி போல் ஒடிகிறது. வெள்ளை நூல் இல்லை, பழுப்புக் கோடும் இல்லை.

நான்காவது செடி வேறு மாதிரி. வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. பயறு வகைக்கு வேர்முடிச்சு நல்லது என்று படித்திருக்கிறேன். அவ்வளவு முடிச்சு இருந்தும் அது ஏன் மஞ்சளாகிச் செத்தது என்று புரியவில்லை.

---

கொளத்தூர்_ஓய்வு
மே 6, இரவு 8.47

நல்ல வேளை, தூக்கிப் போடாமல் வைத்தீர்கள். முதல் மூன்றும் உலர் வேர் அழுகல். மேக்ரோபோமினா பேசியோலினா என்ற பூசணத்தின் வேலை. பழைய புத்தகங்களில் ரைசோக்டோனியா படாடிகோலா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். நீங்கள் பார்த்த அந்தக் கரித்தூள் அதனுடைய விதை மாதிரி. அதை ஸ்கிளிரோசியம் என்று சொல்வோம். செடி செத்த பிறகும் இந்த ஸ்கிளிரோசியங்கள் மண்ணிலேயே வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 500க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இந்தப் பூசணம் வரும். கத்தரியை எடுத்துவிட்டுக் காராமணி போட்டேன், அதனால் தப்பிக்கும் என்று நினைக்க முடியாது.

இதற்குப் பிடித்த சூழல் சூடும் வறட்சியும். மற்ற வேர் அழுகல்கள் பெரும்பாலும் தண்ணீர் தேங்கினால் வரும். இது தண்ணீர் குறைந்து மண் சூடாகும்போது வரும். நம் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் மண் எவ்வளவு சுடும் என்று கை வைத்துப் பார்த்திருப்பீர்கள். பூவும் பிஞ்சும் பிடிக்கும்போது செடிக்குத் தண்ணீர் தேவை கூடும். அதே நேரத்தில் மண் காய்ந்தால் இவனுக்குக் கொண்டாட்டம். பொன்னேரி தம்பி சொன்ன பங்குனித் திட்டுகளுக்கும் இதுதான் காரணமாக இருக்கும். அறுவடை முடிந்த வயலில் மிச்ச ஈரம் மட்டும்தானே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. வாடிய செடிக்கு டிரைக்கோடெர்மா ஊற்றினீர்கள். அது வேரை ஒட்டி வளர்ந்து, கெட்ட பூசணத்துக்கு இடம் கொடுக்காமல் காவல் காக்கும். விதை போடும்போதே அங்கே இருந்தால்தான் அது முடியும். தலை தொங்கும் நேரத்தில் பக்க வேர்கள் ஏற்கெனவே போய்விட்டன. அழுகிய வேரை எந்த நுண்ணுயிரும் திரும்ப உண்டாக்காது. வீடு கொள்ளை போன பிறகு காவலாளி வைத்த கதையாகிவிட்டது அம்மா. உங்கள் மேல் குற்றம் இல்லை. பாக்கெட்டை விற்றவர் எப்போது போட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முடிச்சு விஷயத்தை நாளை எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

---

மணலி_புதுநகர்
மே 7, காலை 7.20

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடமாக இந்தப் பாக்கெட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது வெள்ளைப் பவுடர். ஒரு தடவை ஒரு கடையில் வாங்கியதைத் தண்ணீரில் கரைத்தால் முகத்துக்குப் போடும் பவுடர் வாசனைதான் வந்தது. விதைக்கும்போதும் போட்டேன், பிறகும் போட்டேன், கொத்தவரை அப்படியே காய்ந்தது. விவசாயிக்கும் மாடித்தோட்டக்காரருக்கும் ஆசை காட்டி மாவு விற்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

---

நுண்ணுயிர்_மாணவி (ராயபுரம்)
மே 7, காலை 9.55

அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் வெள்ளைப் பவுடர் என்பது மட்டும் மோசடிக்கு அடையாளம் ஆகாது. அது டால்க், அதாவது மாக்கல் பொடி. ஆய்வகத்தில் வளர்த்த பூசணத்தையோ பாக்டீரியாவையோ பாக்கெட்டில் அடைக்க ஏதாவது ஒரு தாங்கு பொருள் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் மாக்கல் பொடிதான் பயன்படுத்துகிறார்கள். முகப்பவுடரும் அதே கல்லில் இருந்து வருவதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

உள்ளே உயிர் இருந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டிரைக்கோடெர்மா 1 சதவீதத் தூள் என்றால் ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. பூச்சிமருந்துகளைப் போலவே இதுவும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டிய பொருள். ஆகவே பாக்கெட்டில் பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, வித்து எண்ணிக்கை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். பயறு வேரில் முடிச்சுக் கட்டும் ரைசோபியம் பாக்டீரியா உயிர் உரம் என்பதால் அது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும். பதிவு எண் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் வெப்பம். மாக்கல் பொடியில் இந்த உயிர்கள் சுமார் நான்கு மாதம்தான் நல்ல எண்ணிக்கையில் இருக்கும். தகரக் கூரைக் கடையில் மே மாதம் முழுக்க வெயில் படும் அலமாரியில் இருந்த பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். சூடோமோனாஸ் புளோரசன்ஸ் இன்னும் மென்மையானது, அதற்கு வித்து உறையே கிடையாது. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியா மட்டும் கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் சூடு தாங்கும். நம் ஊர்க் கடைகளை நினைத்தால் பாசில்லஸ் பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடவே கொடுப்பேன்.

---

மணலி_புதுநகர்
மே 7, காலை 10.30

சரி தங்கச்சி, வீட்டிலேயே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?

---

நுண்ணுயிர்_மாணவி (ராயபுரம்)
மே 7, பகல் 1.12

துல்லியமாகப் பார்க்க ஆய்வகம் வேண்டும். வீட்டு அளவில் ஒன்று செய்யலாம். உப்பில்லாமல் வேகவைத்து ஆறிய சாதத்தைச் சூடான நீரில் கழுவிய கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மேலே ஒரு சிட்டிகை தூவி, மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். டிரைக்கோடெர்மா உயிரோடு இருந்தால் முதலில் வெள்ளையாகப் படர்ந்து, நான்கைந்து நாளில் பச்சையாக மாறும். பக்கத்தில் எதுவும் தூவாத சாதம் ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் காற்றில் இருந்து விழும் வேறு பூசணங்களும் பச்சையாக வரும். தூவியது மட்டும் சீராகப் பச்சை பிடித்து, தூவாதது தாமதித்தால் ஓரளவு நம்பலாம். முகர்ந்து பார்க்காதீர்கள், பார்த்து முடித்ததும் மண்ணில் புதைத்துவிடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த விஷயத்தில் அவ்வளவு ஆசை. 1932இல் வைண்ட்லிங் என்பவர், டிரைக்கோடெர்மா இழை ரைசோக்டோனியா இழையைச் சுற்றிக்கொண்டு அதை உண்பதை எழுதினார். வகுப்பில் நுண்ணோக்கியில் முதன்முதலாக அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைக் கொடி பந்தல்காலைச் சுற்றுவது போலவே சுற்றுகிறது. சுற்றிய இடத்தில் கைட்டினேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து எதிரியின் சுவரைக் கரைக்கிறது. இதற்கு மேல், செடியையே உஷார் செய்து அதன் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது.

சூடோமோனாஸின் வழி வேறு. மண்ணில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரக்கிறது. கெட்ட பூசணத்துக்கு இரும்பு கிடைக்காமல் போகிறது. அந்தப் பொருள்தான் புற ஊதா ஒளியில் பச்சை மஞ்சளாக ஒளிரும், புளோரசன்ஸ் என்ற பெயரே அதனால் வந்தது. சில வகைகள் பூசணக் கொல்லிகளையும் தாமே தயாரிக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 என்ற வகை நம் மாநிலத்தில் நிறையப் புழங்குகிறது.

---

திருவொற்றியூர்_பாட்டி_வீடு
மே 7, மாலை 6.40

இவ்வளவு பாக்கெட் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. என் பாட்டி சோழவரம் பக்கம் விவசாயம் பார்த்தவர். விதைக்குச் சாணிப்பாலும் சாம்பலும்தான். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார். வயலில் பட்டி போட்டு ஆட்டை அடைப்பார்கள். அப்போது வேர் அழுகல் என்ற பேச்சே நான் கேட்டதில்லை. என் மாடியில் பஞ்சகவ்யம் மட்டும்தான், அவரை நன்றாக இருக்கிறது.

---

கொளத்தூர்_ஓய்வு
மே 7, இரவு 9.05

திருவொற்றியூர் அம்மா, உங்கள் பாட்டி செய்தது சரியான வேலை. அந்தப் பட்டிதான் விஷயமே. ஆட்டுப் புழுக்கையும் தொழு உரமும் நிறைந்த மண்ணில் டிரைக்கோடெர்மா தானாகவே இருக்கும். அது வானத்தில் இருந்து வந்த சாதி இல்லை, நம் மண்ணில் இருந்து பிரித்து எடுத்ததுதான். மட்கு நிறைய இருந்தால் நல்ல உயிர்களின் கூட்டம் பெருகி, கெட்டவன் ஒதுங்கி நிற்பான்.

வியாசர்பாடி அம்மா பையில் இருப்பது தேங்காய் நார்க்கழிவும் லாரியில் வந்த செம்மண்ணும் என்று ஊகிக்கிறேன். அதில் உயிர்க் கூட்டம் குறைவு. அங்கே பாக்கெட்டுக்கு அவசியம் வருகிறது. செம்மண் கட்டுவது துவரையை வண்டில் இருந்து காப்பாற்ற. வேர் நோய்க்கு அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இனி முடிச்சு. தமிழில் இரண்டுக்கும் வேர்முடிச்சு என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் வருகிறது. ஒன்று ரைசோபியம் பாக்டீரியா கட்டிய முடிச்சு. இன்னொன்று நூற்புழு உண்டாக்கிய வீக்கம். ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி போல் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும், வேருக்குச் சேதம் இருக்காது. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு நிறமி அது. சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிந்துவிட்டது என்று பொருள்.

நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், இஞ்சிக் கிழங்கு போல. தள்ளினால் உதிராது, வேரை ஒடித்தால்தான் வரும். உங்கள் நான்காவது செடி மஞ்சளாகிச் செத்தது என்றால் எனக்கு நூற்புழு மேல்தான் சந்தேகம். அந்தப் பை மண்ணை வேறு பையில் கலந்துவிடாதீர்கள். நூற்புழு குத்திய ஓட்டை வழியாக வாடல் பூசணமும் எளிதாக நுழையும். இதற்கும் ஒரு நல்ல பூசணம் உண்டு, பெசிலோமைசிஸ் லிலாசினஸ் என்று விற்கிறார்கள். நூற்புழுவின் முட்டையை அது தின்னும். வேப்பம் புண்ணாக்கோடு கலந்து மண்ணில் போட வேண்டும்.

---

மாடி_அவரை (வியாசர்பாடி)
மே 8, காலை 6.15

இப்போதே மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தள்ளினேன், உதிரவில்லை ஐயா. வேரேதான் வீங்கியிருக்கிறது. நல்லது என்று நினைத்து அந்த மண்ணை மூன்று பைகளுக்குப் பகிர்ந்துவிட்டேன். வயிறு எரிகிறது.

மண்ணையும் சரியாகச் சொன்னீர்கள். பாதிக்குப் பாதி நார்க்கழிவு. தண்ணீர் போர்வெல்தான், பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறது.

---

பொன்னேரி_நஞ்சை
மே 8, காலை 7.00

உப்பு என்று சொன்னீர்களே அக்கா, அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். எங்கள் மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் கடைசியில் இருந்தே கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. கிணற்று நீர் உப்பான இடங்களில் உளுந்தைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு முடிச்சுகூட இருக்காது. உப்பில் ரைசோபியமும் திணறும், செடியும் திணறும். திணறும் செடியைத்தான் அழுகல் முதலில் பிடிக்கும். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் பயறுக்கு மட்டுமாவது அதைக் கொடுங்கள்.

அய்யாவிடம் ஒரு கேள்வி. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளிக்கிறோம். உழவு இல்லை, தொழு உரம் போட வழியில்லை. ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா 20 கிலோ தொழு உரத்தில் கலந்து போடு என்கிறார்கள். அதை எங்கே போடுவது? நெல் தாள் மேல்தான் விழும்.

---

கொளத்தூர்_ஓய்வு
மே 8, முற்பகல் 10.48

தம்பி, நல்ல கேள்வி. பரிந்துரை என்னவோ எக்டேருக்கு இரண்டரை கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து, விதைத்த 30ஆம் நாள் இடுவதுதான். உழுது விதைக்கும் இறவைப் பயிருக்கு அது நடக்கும். நெல் தரிசில் உனக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு விதை. ஆகவே விதை நேர்த்தியில் ஒரு குறையும் வைக்காதே.

ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். முதலில் இதைப் பூசு. பிறகு ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை மேல் புரட்டு. ஏக்கர் விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று. நிழலில் அரை மணி உலர்த்தி அன்றைக்கே தெளித்துவிடு. களத்தில் வெயிலில் காயப் போடாதே, பலர் அங்கேதான் கெடுக்கிறார்கள். தெளிப்பது சாயங்காலம் என்றால் இன்னும் நல்லது.

---

பொன்னேரி_நஞ்சை
மே 8, பகல் 12.20

போன வருடம் விதைக்கு கார்பன்டசிம் கலந்தேன். அன்றைக்கே டிரைக்கோடெர்மாவும் கலந்தேன். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

---

நுண்ணுயிர்_மாணவி (ராயபுரம்)
மே 8, பகல் 1.40

அண்ணா, கார்பன்டசிம் பூசணத்தைக் கொல்லும் மருந்து. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான், அதிலும் கார்பன்டசிமுக்கு ரொம்பவே பலவீனமானது. நீங்கள் போட்ட காவலாளியை நீங்களே சுட்டது மாதிரி ஆகியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்துதான் என்று முடிவு செய்தால் விதைப்புக்கு 24 மணி நேரம் முன்னால் மருந்து, விதைக்கும் அன்று ரைசோபியம், டிரைக்கோடெர்மாவை விட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி அக்கா டிரைக்கோடெர்மாவையும் சூடோமோனாஸையும் ஒரே வாளியில் கலந்ததைப் பற்றி ஐயா என்ன நினைக்கிறார்? என் கருத்து, இரண்டும் சேர்ந்து வேலை செய்த ஆய்வுகளும் உண்டு, ஒன்றை ஒன்று அடக்கிய வகைகளும் உண்டு. கடையில் வாங்கும் இரண்டு பாக்கெட்டில் எந்த வகை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் நான் விதைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என்று பிரித்துவிடுவேன்.

---

கொளத்தூர்_ஓய்வு
மே 8, மாலை 4.10

நான் 20 வருடம் இரண்டையும் கலந்தே கொடுக்கச் சொன்னேன், பெரிய கெடுதல் பார்த்ததில்லை. ஆனாலும் நீ சொல்வது பாதுகாப்பான வழி. ஏற்றுக்கொள்கிறேன்.

---

மாடி_அவரை (வியாசர்பாடி)
மே 8, இரவு 7.30

அப்படியானால் இந்த மண்ணையே தூக்கிப் போட்டுவிட்டு ஆடிக்குப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா? மாடி வரை மண் ஏற்ற ஆள் கூலி, மண் விலை எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை வருகிறது.

---

கொளத்தூர்_ஓய்வு
மே 8, இரவு 9.20

தூக்கிப் போட வேண்டாம் அம்மா. அக்னி நட்சத்திரம் நடக்கிறது, வெயிலை வேலை வாங்குவோம். பைகளைக் கொட்டி மாடியில் அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். வேர்த் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களைச் செங்கல் வைத்துக் காற்றுப் புகாமல் அடையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் இருக்கட்டும். 1976இல் இஸ்ரேலில் கட்டான் என்பவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட முறை இது. ஈரம் இல்லாமல் மூடினால் பாதிப் பலன்கூட வராது, ஈர மண்ணில்தான் சூடு உள்ளே இறங்கும். நூற்புழுவுக்கும் பல பூசணங்களுக்கும் இது நல்ல அடி.

ஒரு எச்சரிக்கை. மேக்ரோபோமினா ஸ்கிளிரோசியம் மற்றவற்றைவிடச் சூடு தாங்கும். வெயில் மட்டும் போதாமல் போகலாம். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தில், கோடையில் கடுகுச் செடிக் கழிவையும் கடுகுப் புண்ணாக்கையும் மண்ணில் கலந்து நீர் பாய்ச்சி இதே பூசணத்தைக் குறைத்துக் காட்டினார்கள். கடுகு மட்கும்போது கிளம்பும் கார ஆவி அதைப் பலவீனமாக்குகிறது. சௌகார்பேட்டையில் கடுகு எண்ணெய் புழக்கம் அதிகம், அங்கே புண்ணாக்கு கேட்டுப் பாருங்கள். மூடுவதற்கு முன் பொடித்துக் கலந்துவிடுங்கள்.

வெயிலில் வெந்த மண்ணில் நல்ல உயிர்களும் குறைந்திருக்கும். தாளை எடுத்ததும் காலி வீடு மாதிரி கிடக்கும், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நம் ஆளை முதலில் அனுப்ப வேண்டும். அதற்கு இன்றே ஒரு வேலை தொடங்கலாம். 10 கிலோ நன்கு மட்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, 100 கிராம் டிரைக்கோடெர்மா. பிடித்தால் பிடி நிற்கும் ஈரத்தில் கலந்து, ஈரச் சாக்கால் மூடி மாடிப்படிக்குக் கீழே நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை புரட்டுங்கள். 15 நாளில் மேலே பச்சை படரும். ஒரு பாக்கெட்டை நேராகக் கரைத்து ஊற்றுவதைவிட இந்த ஊட்டிய உரம் பல மடங்கு மேல், ஏனென்றால் அது சாப்பாட்டோடு மண்ணுக்குள் போகிறது.

---

நுண்ணுயிர்_மாணவி (ராயபுரம்)
மே 9, காலை 8.30

அக்கா, ரைசோபியம் வாங்கும்போது எந்தப் பயிருக்கானது என்று கேளுங்கள். காராமணி, உளுந்து, பச்சைப்பயறு, வேர்க்கடலை, துவரை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கூட்டத்து பாக்டீரியாவோடு உறவு வைக்கும். கொண்டைக்கடலைக்கும் பட்டாணிக்கும் வேறு வேறு. யூரியா எதுவும் போடாதீர்கள். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுப் போடவே மெனக்கெடாது.

---

மாடி_அவரை (வியாசர்பாடி)
ஆகஸ்ட் 14, காலை 7.05

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

மே 11 அன்று மண்ணைப் பரப்பி மூடினேன். கடுகுப் புண்ணாக்கு கிடைத்தது, தாளைத் தூக்கினால் மாடி முழுக்கக் காரம். கீழ் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, என்ன செய்கிறேன் என்று விளக்கினேன். ஜூன் 19 அன்று தாளை எடுத்து, மண்ணை நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி உப்பை வடித்தேன். ஊட்டிய உரத்தைப் பைக்கு இரண்டு கை போட்டேன். முதல் தடவை சாக்கு காய்ந்து அது வீணாகிவிட்டது, இது இரண்டாம் தடவை செய்தது. விதைக்கு சூடோமோனாஸ், பிறகு கஞ்சியில் ரைசோபியம். ஜூன் 26 விதைத்தேன். பைகளைச் சுற்றி வெள்ளைச் சாக்கும், மேலே காய்ந்த இலை மூடாக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று பைகளை எதுவும் செய்யாமல் பழைய மண்ணிலேயே விதைத்தேன். அந்த மூன்றில் இரண்டு போய்விட்டன, அதே கரித்தூள். சரிசெய்த 12 பைகளில் ஒன்று போனது. அந்தப் பை தண்ணீர்த் தொட்டியின் சுவரோரம், மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடம். நான் ஊருக்குப் போன இரண்டு நாள் தண்ணீர் இல்லை. மீதி 11 பையிலும் காய் தொங்குகிறது. நேற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. பக்கவாட்டில் மணி மணியாக முடிச்சு. தள்ளினேன், உதிர்ந்தது. கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

---

மணலி_புதுநகர்
ஆகஸ்ட் 14, காலை 9.40

நானும் சாதத்தில் சோதித்தேன். இரண்டு பாக்கெட்டில் ஒன்று பச்சை பிடித்தது, ஒன்று தூவாத சாதம் போலவே கிடந்தது. கிடந்ததில் தயாரித்த தேதியே அழிந்திருந்தது. ஆக, என் கோபத்திலும் பாதி சரி, தங்கச்சி சொன்னதும் சரி. இனி தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன்.

---

கொளத்தூர்_ஓய்வு
ஆகஸ்ட் 14, முற்பகல் 11.30

அம்மா, மூன்று பையை ஒதுக்கி வைத்து ஒப்பிட்டீர்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பச் சந்தோஷம். போன அந்த மூன்று செடிகளையும் வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கறுப்புத் தூள் திரும்ப மண்ணுக்கு வந்துவிடும். அந்தச் சுவரோரத்தில் பயறு வேண்டாம், வேறு ஏதாவது வையுங்கள். அடுத்த விதைப்புக்கும் ஊட்டிய உரம் போட வேண்டும், ஒரு தடவையோடு விடக்கூடாது.

---

பொன்னேரி_நஞ்சை
ஆகஸ்ட் 14, இரவு 8.00

அக்கா, தை மாதம் உளுந்துக்கு நானும் ஒரு துண்டில் நேர்த்தி செய்த விதை, ஒரு துண்டில் சும்மா விதை என்று பிரித்துத் தெளிக்கப் போகிறேன். எங்களிடம் நல்ல மட்கிய மாட்டு எரு நிறைய இருக்கிறது. அடுத்த வாரம் மூலக்கடை வரை வண்டி வருகிறது. இரண்டு மூட்டை ஏற்றிவிடட்டுமா?

---

மாடி_அவரை (வியாசர்பாடி)
ஆகஸ்ட் 14, இரவு 8.25

ஏற்றிவிடுங்கள் தம்பி. காராமணிப் பிஞ்சு ஒரு பை பறித்து வைக்கிறேன், வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.